கேள்வி 23-க்கு 96 சதவீதம்

14, திங்கள்
காலையிலிருந்து மழை. பாயான் லெப்பாஸ் நெரிசலில் மோட்டார் சைக்கிள். சாக்ஸைக் கழற்றி மேசைக்கடியில் காயப்போட்டாச்சு.

இந்த வாரம் சப்ளையர்களின் பாதுகாப்புக் கேள்வித்தாள்கள். இப்போது யாரும் கையால் எழுதுவதில்லை. சப்ளையர் தன் கோப்புகளை எங்கள் தளத்தில் ஏற்றினால் ஏ.ஐ. படித்துப் பதிலை நிரப்பும். எவ்வளவு நம்பலாம் என்று சதவீதமும் அதுவே போடும். 90க்கு மேல் பச்சை, கீழே சிவப்பு. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான்.

பாஸ்: "பச்சைன்னா விட்டுடு லா. சிவப்பை மட்டும் பாரு."

முதலில் சுங்கை பாக்காப் ஊரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை. கேள்வி 23: ஆசிட் தொட்டி அருகே கண் கழுவும் குழாய் உண்டா? பதில்: உண்டு, பத்து விநாடி தூரத்தில், வழியில் தடை இல்லை, வாரந்தோறும் சோதனை. 96%.

ரொம்ப அழகா இருந்தது. சந்தேகம். ஆதாரத்தைத் திறந்தேன். எங்கள் கம்பெனி வழிகாட்டி, பக்கம் 7! சப்ளையரிடம் நாங்கள் எதிர்பார்ப்பவை. நாங்கள் கேட்டதையே பதிலாக்கி எங்களிடமே நீட்டியிருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறதாம், அதனால் 96. இதுக்குப் பேர் பதிலா?

15, செவ்வாய்
அந்தத் தொழிற்சாலை ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் கமலா அக்காவுக்கு போன்.

"தம்பி, இருக்கிற கோப்பெல்லாம் ஏத்துங்கன்னு உங்க ஆபீஸ்தானே சொன்னாங்க? நீங்க அனுப்பின வழிகாட்டியும் அதே ஃபோல்டர்லதான் இருந்துச்சு. ஏத்திட்டேன்."

"வந்த பதிலைப் படிச்சீங்களாக்கா?"

"நூத்தி இருபது கேள்வி. நீங்க படிச்சீங்களா?"

பேச்சை மாற்றினேன்.

"சரி, குழாய் இருக்கா?"

"குழாய் இருக்கு... டாய்லெட்ல."

பாஸிடம் சொன்னேன். "ஒரு குழாய்க்காகவா? வெள்ளிக்கிழமை சாமான் வரணும் தெரியுமா?"

வாங்க: சாக்ஸ், செயின் எண்ணெய், கோப்பித் தூள்.

16, புதன்
அரை நாள் லீவு. பாலம் தாண்டி நானே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஆசிட் தொட்டி வேலையில் முனியாண்டி அண்ணே. ஐம்பது வயதிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிமேல். கீறல் விழுந்து எதுவும் தெரியவில்லையாம்.

தொட்டி பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணில் ஆசிட் பட்டவன் டாய்லெட் குழாய்க்கு அப்படித்தானே போகணும்? "யாரும் கை குடுக்காதீங்க." தள்ளுவண்டியில் முழங்கால் இடித்தது. படியில் தடுக்கல். கமலா அக்கா சிரிப்பு: "பார்த்து தம்பி, தொட்டிக்குள்ளயே திரும்பி வந்துடாதீங்க!" கடைசியில் கதவு. பூட்டு. சோப்பு காணாமல் போகிறது என்று சாவி காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம், வெளி கேட்டில். ஒன்றரை நிமிடம் ஆச்சு, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

"நாங்க அங்கெல்லாம் போறதில்ல தம்பி" என்றார் முனியாண்டி அண்ணே. தொட்டி ஓரம் குடிதண்ணிப் போத்தலைக் காட்டினார். "போன வாரம் தெறிச்சப்ப இதைத்தான் ஊத்திக்கிட்டேன்." இடது கண் இன்னும் சிவப்பு.

கமலா அக்கா சிரிப்பை நிறுத்தினார். "ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா."

17, வியாழன்
முழங்கால் வீக்கம்.

கேள்வி 23-ஐ "இல்லை" என்று திருத்தினேன். உடனே ஏ.ஐ.: பதிலை மேம்படுத்தட்டுமா? "வசதியை நிறுவும் பணி முன்னேற்றத்தில் உள்ளது" என்று போடலாமாம். எந்தப் பணி? யார் சொன்னது? அழித்தேன். திரும்பக் கேட்டது. திரும்ப அழித்தேன்.

பாஸ் வந்தார். "ஓரளவுன்னு போடேன் லா."

"ஆசிட் பட்டா ஓரளவு கண்ணுதான் போகுமா பாஸ்?"

முழு ஆபீசும் திரும்பிப் பார்த்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "ரொம்ப துள்ளாதே. போன மாசம் பதினொரு சப்ளையருக்குப் பச்சைக் கையெழுத்துப் போட்டியே. அதுல எத்தனைக்கு ஆதாரத்தைத் திறந்து பார்த்த?"

ஒன்றுக்கும் இல்லை. மதியம் சாப்பிடப் போகவில்லை.

18, வெள்ளி
மறுபடி மழை. கேள்வி 23 சிவப்பானதால் சுங்கை பாக்காப் சாமான் வரவில்லை. பாஸ் என் பக்கமே திரும்பவில்லை. நல்லது.

கமலா அக்கா வாட்ஸ்அப். கழற்றிய டாய்லெட் கதவு சுவரில் சாய்ந்திருக்கும் படம். "தம்பி, கதவைத் தூக்கியாச்சு. தொட்டி பக்கத்துல புதுக் குழாய் அடுத்த வாரம். அண்ணனைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் பொம்பளைங்க நாங்க எங்க போறது? அதையும் உங்க கேள்வித்தாள்ல சேர்த்துக்கங்க."

போன மாசத்துப் பதினொன்றையும் எடுத்து வைத்தேன். முதலாவது: பசை காய்ச்சும் இடம். கேள்வி 23: உண்டு. 97%. பச்சை. கீழே என் கையெழுத்து.

ஆதாரத்தைத் திறந்தேன். எங்கள் வழிகாட்டி. பக்கம் 7.