ஒன்றாம் கூண்டில் மாட்டிய குழாய்

நாள் 212, காலை 6.10
நாள் 190-இல் விண்கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: தலைவி பரக்கத் நிஷா, பொறியாளர் செல்வின், என் பேத்தி மகிழ்வதனி, இசக்கியம்மாளாகிய நான். அன்றுதான் காற்று நிரலைச் செல்வின் புதுக் கணினிக்கு மாற்றினான். தலைவியின் உறக்கக் கூண்டு மட்டும் பழைய கணினியில். இப்போது மூவரும் உறைதூக்கத்தில். எழுபத்தொரு வயது நெஞ்சுக்கு அது ஆகாது என்று என்னைக் காவலுக்கு விட்டார்கள். மூன்று கூண்டும் பச்சை.

நாள் 213, காலை 7.30
புதுக் கணினி இருமுறை தானாக நின்று எழுந்தது. காரணம் தெரியும். நான் மூணாம் வகுப்புதான்; ஆனால் கேட்டதை மறக்கமாட்டேன். நாள் 190-இல் கையேட்டை மகிழ் சத்தமாக வாசித்தாள். நினைவகத்தில் நாம் கேட்கும் இடத்தின் முகவரி அறுபத்து நாலால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். பழையது அப்படியே கொடுக்கும், சாதாரணமாகத் திருப்பினால் வாங்கிக்கொள்ளும். புதியது கூடுதலாக இடம் எடுத்து, உண்மைத் தொடக்கம் எது என்று முன்னால் ஒரு குறிப்பு வைக்கும். அதைத் திருப்பத் தனிக் கட்டளை உண்டு. மாற்றிப் போட்டால் பக்கத்து இடமும் பிய்ந்துபோகும். செல்வின் பழைய கட்டளையையே விட்டிருந்தான்.

அன்றே அவனிடம் சொன்னேன். அவன் பதில் அறையின் குரல்பதிவில் உள்ளது: "ஆச்சி, ரெண்டும் நினைவகம்தான? வாங்கினதக் குடுத்தாச் சரி. நீங்க போய் கடுங்காப்பி போடுங்க."
மகிழ்: "அண்ணே, ஆச்சி சொல்லுதது சரி. ஒரு வரிதான?"
"சோதனையில ஓடிருச்சுல்லா? விடு."

நாள் 213, காலை 9.05
ஒன்று, மூன்று: காற்று நின்றது. ஒன்றில் செல்வின், மூன்றில் மகிழ். கைப்பம்பு ஒன்றுதான். ஒருவரை எழுப்ப ஆறு மணி நேரம், நடுவில் நிறுத்தக்கூடாது. நிரல் அவன் விரல்ரேகைக்குத்தான் திறக்கும். திறக்காவிட்டால் நாளை கப்பல் முழுக்கக் காற்று நிற்கும். தலைவியும் போவாள்.

குழாயை மூன்றில் மாட்டினேன். கழற்றினேன். ஒன்றில் மாட்டினேன்.

9.50
மூன்று மஞ்சள். ஒரு கையால் எழுதுகிறேன்.

10.30
மூன்று சிவப்பு. அந்தக் கூண்டின் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. பம்பு அடிக்கும் கை நிற்கவில்லை.

பிற்பகல் 3.20
எழுந்தான். ஒரு வரி மாற்றினான். நாலு நிமிஷம். பிறகு கேட்டான்: "ஆச்சி, மகிழை எழுப்பலையா?"

நாள் 214, காலை 6.10
ஒருமுறை எழுந்தவரை மறுபடி உறங்கவைக்க முடியாது. போய்ச்சேரப் பதினோரு வருஷம். விழித்திருப்பது நாங்கள் ரெண்டு பேர். சோறு போடுவேன். காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுப்பேன். தினமும் இதே நேரம் அந்தக் குரல்பதிவைப் போடுவேன், மகிழ் பேசும் இடம் வரைக்கும். இன்று போட்டேன். காதைப் பொத்தினான். அவன் கையை விலக்கிவிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவர்களே, தலைவி பிழைத்தாள், கப்பல் பிழைத்தது. நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான். செல்வின்.