பின்னேரத்து இடியப்பம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியமுன்னமே மழை. வாவித் தண்ணீர் ஒழுங்கை வரை. ஆனாலும் எட்டு மணிக்குள் இடியப்பம் முடிந்தது.

பாங்க் மிஸ் வந்தார். கடைச் சுவரில் கியூஆர் அட்டை ஒட்டித் தந்தவர். இந்தப் பக்கத்தில் என் அட்டைக்குத்தான் ஆகக் கூடக் காசு வருகிறதாம். "நீங்கதான் மத்தப் பொம்புளையளுக்கு முன்மாதிரி அக்கா." ஒரு குடையும் பரிசு.

போனைத் திறந்து பார்த்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு ஐயாயிரம். நாலு மணிக்கு ஐயாயிரம். குறிப்பு: இடியப்பம். நான் பின்னேரத்தில் அவிப்பதே இல்லை.

5, புதன்

வாங்க: சிவப்பரிசி மா, தேங்காய் 4 (விலை கேட்டால் மயக்கம்), மகளுக்குக் கொப்பி.

ரூபன் வந்தான். ஒழுங்கையில் போதைத் தூள் விற்கிறவன். அந்தப் பின்னேரக் காசை அவனிடம் தூள் வாங்குகிற ஆட்கள்தான் போடுகிறார்களாம்.

"நீங்க எடுத்துத் தந்தாச் சரி. ஒங்களுக்கும் பங்கு இரிக்கி."

ஏலாது என்றேன். அவன் கோபிக்கவில்லை.

"மகள் கிளாஸ் முடிஞ்சு எந்த பஸ்ல வாறா அக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். தம்பி செத்தது இவன் தூளால்தான். இப்போது அந்தக் காசு என் பெயரில் வருகிறது. பொலிஸ் வந்தால் உள்ளே போவதும் நான். குடை தந்தார்களாம், குடை.

6, வியாழன்

அட்டையைச் சுரண்டி எடுத்தேன். நகம் பிய்ந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளை கையில் காசில்லை என்று இடியப்பம் வாங்காமல் போனாள்.

பின்னேரம் மூன்று மணி. மெசேஜ். இடியப்பம். திரும்பவும் மெசேஜ். அட்டையைப் படம் பிடித்து ஆளுக்காள் அனுப்பி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு மடைச்சி.

7, வெள்ளி

வெயில். கடை திறக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு நானே கூட்டிப் போய் விட்டுவிட்டு நேரே பாங்குக்கு.

கணக்கை மூடப் படிவம் தந்தார் மிஸ். பெயர், அடையாள அட்டை நம்பர், பிறகு 'காரணம்' என்று ஒரு கட்டம். சின்னக் கட்டம். ரூபனின் பெயரையும் தூளையும் அதற்குள் நெருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நெஞ்சு லேசானது.

மிஸ் வாசித்தார். சுற்றிப் பார்த்தார். அதை நாலாய்க் கிழித்துத் தன் கைப்பையில் போட்டுவிட்டுப் புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினார்.

"சொந்தக் காரணம் எண்டு மட்டும் எழுதுங்க அக்கா. நானும் இஞ்சதான் இரிக்கன்."

எழுதினேன். மூடப் பதினாலு நாள் ஆகுமாம்.