சனிக்கிழமைச் சுற்று

நியூயார்க்,
30 அக்டோபர் 1814

அன்புள்ள ஹல்டா,

நலம். நீயும் நம் மாவு ஆலையும் நலமா?

நேற்று போர்க்கப்பலைத் தண்ணீரில் இறக்கினோம். நீராவியால் ஓடப்போகிறவள். இரட்டை உடம்பு: ஒன்றில் கொதிகலன், மற்றதில் என் எந்திரம், இரண்டுக்கும் நடுவே நீரைத் தள்ளும் சக்கரம். எந்தக் குண்டாலும் சக்கரத்தைத் தொட முடியாது. காற்றை நம்பாதவள் என்பதால் பாய்மரமே வைக்கவில்லை. கேப்டன் வந்து பார்த்தார். "ஏன்யா, பாய்மரம் இல்லாம ஒரு கப்பலா? உன் அடுப்பு அணைஞ்சா வாயால ஊதிக்கிட்டே போறதா?" என்றார். இரண்டு பாய்மரம் நடச் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிகிறது.

ஆங்கிலேயர் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் ஒரு சண்டை போடட்டும், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுவேன். சத்தியம்.

உன் ரூஃபஸ்

நியூபர்க்,
2 மார்ச் 1815

என் ரூஃபஸுக்கு,

சமாதானம் ஆகிவிட்டதாம். கோயில் மணியை அடித்தபோது நானும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சண்டைதான் இல்லையே, இனி எதற்குக் காத்திருக்கிறீர்கள்? ஆற்றில் பனி உடைந்ததும் முதல் படகில் வாருங்கள். ஆலைக் கல் கொத்த ஆளில்லை. பண்ணைக்காரர்கள் சோளத்தை வேறு ஆலைக்கு வண்டி கட்டுகிறார்கள்.

வழி பார்த்திருக்கும்
ஹல்டா

நியூயார்க்,
14 நவம்பர் 1818

அன்புள்ள ஹல்டா,

கோபித்துக்கொள்ளாதே. வெள்ளோட்டத்தில் இவள் எவ்வளவு அழகாக ஓடினாள் தெரியுமா? அதற்குப் பிறகு கரையில் கட்டி, மேலே கூரை போட்டுவிட்டார்கள். எந்திரம் சும்மா கிடந்தால் உருளைக்குள் துருவேறி இறுகிவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் மாட்டுக்கொழுப்பு தடவி, நாலு பேராகச் சக்கரத்தைக் கையால் கால் சுற்று திருப்புகிறோம். "என்ன ரூஃபஸு, உன் கெண்டி இன்னைக்காவது கொதிக்குமா?" என்று மாலுமிகள் கேட்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். விட்டுவிட்டு வந்தால் ஒரே குளிர்காலத்தில் பாழாகிவிடும். வரும் வசந்தத்தில் நிச்சயம்.

ரூஃபஸ்

நியூபர்க்,
20 ஏப்ரல் 1819

ரூஃபஸுக்கு,

பனி உடைந்து முதல் படகு வந்துவிட்டது. நாலு வருஷமாகத் துறைக்குப் போய் நின்றேன். இந்த வருஷம் போகவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹல்டா

நியூயார்க்,
9 ஜூலை 1821

ஹல்டா,

பீரங்கிகளை இறக்கிவிட்டார்கள். எந்திரத்தையும் பிடுங்கிவிட்டார்கள். வெறும் கூட்டில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் படுத்துக்கொள்வார்களாம். உருளையைத் திறந்தபோது உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. களைத்துவிட்டேன். அடுத்த வாரம் படகேறுகிறேன்.

ரூஃபஸ்

நியூபர்க்,
13 ஜூலை 1821

ரூஃபஸுக்கு,

துரு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். உங்கள் கை அப்படி.

கோபம் இருந்த காலத்தில் வந்திருக்கலாம். கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு சோறும் போட்டிருப்பேன். இப்போது கோபம்கூட வரவில்லை. இத்தனை சனிக்கிழமைகளில் ஒன்றையாவது எனக்குத் தந்திருக்கலாம்.

நான் ஆல்பனியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே வரவேண்டாம். வீடும் ஆலையும் உங்களுடையவை. சாவியைத் துறையில் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆலையை ஓட்டுவதற்கு முன் அச்சுக்குக் கொழுப்பு தடவுங்கள். ரொம்ப நாளாகச் சும்மா கிடக்கிறது.

ஹல்டா