துவக்குக் கடைப் புழு

செப்டம்பர் 13, சனி இரவு

சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் விட்பி நகரத்து ஏரிக்கரையில் மீன் பிடிப்போம். வழக்கமாகப் புழு வாங்கும் கடையில் இந்தக் கோடையில் இருந்து துவக்கும் தோட்டாவும்கூட விற்கிறார்கள். இனி அங்கே போகவேண்டாம் என்று போன கிழமை வாட்ஸ்அப்பில் எழுதினேன். மூவரும் உடனே கட்டைவிரல் போட்டார்கள்.

இன்று நான் பக்கத்து நகரமான ஒஷாவா வரை போய் வேறு கடையில் புழு வாங்கிக்கொண்டு வந்தேன். என்னைக் கண்டதும் சுதன் ஒரு புழுப் பெட்டியை ஜாக்கெட்டுக்குள் திணித்தான். மூடியில் அந்தக் கடையின் பச்சை ஸ்டிக்கர்.

"அண்ணை, நாங்கள் புழுத்தானே வாங்கினனாங்கள். துவக்கே வாங்கினம்?" என்றான்.

மற்ற இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் ஒருநாள் நான் துவக்குக்கு முன்னால் முழங்காலில் இருந்ததை இவர்களுக்குச் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். எனக்கு ஒளிக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

என் தூண்டிலில் ஒன்றும் படவில்லை. பிடிபட்டதை எப்போதும்போல நான்கு பங்காக்கினார்கள்.

"உங்கடை பங்கு, அண்ணை," என்று சுதன் பெரிய மீனை என் பைக்குள் போட்டான். வேண்டாம் என்றால் அடுத்த சனி கூப்பிடமாட்டார்களோ என்று பயந்தேன். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். ஒரு ஆளுக்கு அது பெரிய மீன். ருசியாகத்தான் இருந்தது. சட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன்.

மூவரும் உடனே கட்டைவிரல் போட்டார்கள்.