பட்டியலில் இல்லாத கிணறு

டெல்ஃப்ட், நெதர்லாந்து
3 பிப்ரவரி 2024

அன்பு அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்த திண்டுக்கல் கல்லூரி ரொனால்டை இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பிவிட்டீர்களாம்.

எங்கள் பல்கலைக்கழகமும் திண்டுக்கல் கல்லூரியும் சேர்ந்து பன்னிரண்டு கிணறுகளைச் சோதிக்கின்றன. மிச்சம் தோல் பதனிடும் நம் டேனரியின் கிணறு மட்டும். அது இல்லாமல் நிலத்தடி நீரில் உப்பு எங்கிருந்து பரவுகிறது என்று தெரியாது. அது தெரியாமல் ஊரில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டமாட்டார்கள். மார்ச் பத்துக்குப் பிறகு திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, அண்ணே.

அஃப்சானா

திண்டுக்கல்
14 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். அங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம். நம் பேர் அடிபட்டால் தோல் வாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள். இங்கே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்.

நேற்று பக்கத்துத் தோட்டத்து ஒச்சம்மாள் அக்கா வந்து நின்றார். “ஏம்ப்பா, தண்ணி எடுக்க வந்தவர வெரட்டிட்டியாமே? எங் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகல, மல்லிச்செடி அம்புட்டும் கருகுது” என்றார். “பாக்குறேன்க்கா” என்றேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீ வேறு நச்சரிக்காதே.

சௌகத் அலி

டெல்ஃப்ட்
24 பிப்ரவரி

அண்ணே,

அறிக்கையில் பெயர் வராது. ஆனாலும் வரைபடத்தைப் பார்த்தால் ஊருக்குப் புரிந்துவிடும், பொய் சொல்லமாட்டேன். அது என் அண்ணனின் கிணறு என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தண்ணீரை வேறொருவர் சோதிப்பார். நீங்கள் தண்ணீர் தர மறுத்தால், ‘உரிமையாளர் அனுமதிக்கவில்லை’ என்று நான்தான் எழுதவேண்டும். என்னை எழுத வைக்காதீர்கள்.

அஃப்சானா

திண்டுக்கல்
5 மார்ச்

அஃப்சானா,

ரொனால்டை நானே கூப்பிட்டேன். இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன். ஒன்று நீ கேட்டது. மற்றது டேனரிக்குப் பின்னால் கல் போட்டு மூடிய கிணற்றில் எடுத்தது. அது உன் பட்டியலில் இல்லை. அத்தா மௌத்தாகி டேனரி என் கைக்கு வந்த பிறகு மூன்று வருஷம், தோல் ஊறவைத்த உப்புத் தண்ணீரை அதில்தான் இறக்கினேன். ஒச்சம்மாள் அக்கா தோட்டம் அங்கிருந்து எண்பது அடி.

உனக்கு எழுதுவதற்கு முன் அவரிடம் போய்ச் சொன்னேன். பூப்பறித்துக்கொண்டிருந்தார். “மூணு வருசமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சோதனை முடிவு வந்ததும் முதலில் அவருக்குச் சொல்லிவிடு. எனக்கு அப்புறம் எழுதினால் போதும்.

உன் அண்ணன்,
சௌகத் அலி