செல்லம்மா சித்தி சொன்ன தென்னந்தோப்பு

என் பிரியத்துக்குரிய அம்மாவுக்கு,

உதவித்தொகை கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் நெதர்லாந்து போகிறேன். காய்கறிகளை அழுகாமல் காப்பதைப் பற்றி இரண்டு வருடப் படிப்பு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரித்தவளின் மகள் வேறு எதைப் படிப்பாள்?

ஆனால் பக்கத்து வீட்டுச் செல்லம்மா சித்தி அதைக் கெடுக்க இருந்த கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உதவித்தொகை தரும் அறக்கட்டளை, நம் வீடு வசதியில்லாத வீடுதானா என்று பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்பியது. குற்றாலத்தில் சீசன் நேரம். மனிதர் குடும்பத்தோடு அருவியில் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறும் மனைவி தலையில் பூவுமாகக் காரில் வந்து இறங்கியிருக்கிறார். நான் கல்லூரியில் இருந்தேன், அப்பா மூட்டை தூக்கப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்ததால் சித்தியிடம், "இந்த வீட்டுப் பொண்ணு குடும்பம் எப்படிம்மா?" என்று கேட்டாராம். பெண் பார்க்க வந்தவர்கள் என்று சித்தி முடிவு கட்டிவிட்டாள். நம் தெருவில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தானே உண்டு!

"தங்கமான குடும்பம்லா! ஊருக்கு வெளிய தென்னந்தோப்பு கெடக்கு. பிள்ளைக்கு முப்பது பவுன் எடுத்து வச்சிருக்கு. ஒரு குறையும் கெடையாது" என்று சொல்லி, காப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. தென்னந்தோப்பும் முப்பது பவுனும் உள்ள வசதியான குடும்பம் என்பதால் விண்ணப்பம் நிராகரிப்பு. அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் சித்தி வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். மறுநாள் காலை அவள், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புட்டி, தென்காசிக்கு."

அறக்கட்டளை அலுவலகத்தில் அந்த அதிகாரி நாற்காலி போட்டும் அவள் உட்காரவில்லை.

"சார், நான் சொன்னது அம்புட்டும் பொய். தோப்பும் இல்ல, பவுனும் இல்ல. இவ அம்மை நெஞ்சுவலியோட வேலைக்குப் போயி, தக்காளிக் கூடை முன்னாலயே விழுந்து செத்தா. ஒருநாள் லீவு போட வக்கில்லாத வீடு சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நெனச்சிட்டேன். தாயில்லாப் பிள்ளைக்கு நாங்க நாலு வார்த்தை பெருமையாச் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

உன் சாவை அப்படி ஒரு அந்நியர் முன்னால் கேட்டது வலித்தது அம்மா. முந்தின நாள் அவளிடம் கத்தியது அதைவிட வலித்தது. அங்கேயே அழுதேன்.

அதிகாரி தலைகுனிந்தார். மறுநாள் தனியாக வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துப் போனார். போன வாரம் உத்தரவு வந்தது.

"எங்க பிள்ளைக்கு வெளிநாட்டுல பெரிய உத்தியோகம்" என்று சித்தி இப்போது மார்க்கெட் முழுக்கச் சொல்லி வருகிறாள். படிக்கத்தான் போகிறேன் என்று நான் திருத்தப்போவதில்லை. அவள் வாயை யாரால் அடைக்க முடியும்?

உனக்கு ஒரு வாக்கு, அம்மா. சித்தி என்னைப் பற்றி என்ன அளந்துவிட்டாலும் அதை நான் உண்மையாக்குவேன். இனி அவள் யார் முன்னாலும் நின்று, "நான் சொன்னது பொய்" என்று சொல்ல விடமாட்டேன்.

இப்படிக்கு,
உனக்கும் செல்லம்மா சித்திக்கும் மகள்,
முத்துலட்சுமி