டாக்டரம்மா சொன்னதை ஊருக்குச் சொல்லிவிட்டேன்

என் தலையில் இரண்டாம்தாரம் என்று ஒருத்தியைக் கொண்டுவந்து இறக்கினீர்களே, அந்தச் சின்னவளுக்கு நேற்று ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. பதறாதீர்கள். நீங்கள் போனபிறகு நான்தான் அவளைச் சுருளிப்பட்டியில் மறுபடி கட்டிக்கொடுத்தேன். பிள்ளையைப் பார்க்க உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே பினாயில் வாடை மூக்கில் ஏறியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நீங்களும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள் அப்படியே கண்முன் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவருக்கு எழுதுகிறாளே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இதை உங்களுக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பட்டணம் போகலாம் என்று கிளப்பியது நீங்கள்தான். கலியாணமாகி இத்தனை வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. குச்சனூர்க் கோயிலில் எள்விளக்குப் போட்டுப் போட்டு நானும் ஓய்ந்திருந்தேன். நம் பக்கத்தில் வேறு எவன் பெண்டாட்டியை வைத்தியத்துக்கு அத்தனை தூரம் கூட்டிப்போனான்? அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். தேனியில் ரயிலேறி, மதுரையில் மாறி, எழும்பூரில் போய் இறங்கினோம்.

அம்மாடி, அந்தக் கூட்டம்! நம் ஊர்த் தேருக்குக்கூட அப்படிச் சனம் சேராது. ஊரில் புருஷனோடு ஒட்டி நடந்தால் சிரிப்பார்கள், அதனால் தலையைக் குனிந்து உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவதுதான் என் பழக்கம். அங்கேயும் அப்படியே நடந்தேன். செருப்பு ஒரு துணிக்கடைக்குள் ஏறியது, நானும் ஏறினேன். நிமிர்ந்து பார்த்தால் மீசை வைத்த யாரோ ஒரு மனுஷர். "யாரும்மா நீ? எதுக்கு என் பின்னாடியே வர்றே?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தீர்கள்.

"ஏ புள்ள, செருப்பையா கட்டிக்கிட்ட, என்னையவா?" என்று கத்திவிட்டு, டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு வருகிற நடுரோட்டில் என் கையைப் பிடித்தீர்கள். தாலி கட்டிய அன்றைக்குப் பிறகு நாலு பேர் பார்க்க நீங்கள் என் கையைப் பிடித்தது அங்கேதான். சாயந்திரம் கடற்கரையில்கூட விடவில்லை. அலையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடந்து என்னத்துக்கு? ஒரு வயலுக்குப் பாயுமா?" என்று சலித்துக்கொண்டீர்கள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பட்டணத்திலேயே இருந்துவிட்டால் என்ன என்றுகூட அப்போது தோன்றியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு உங்களையும் உள்ளே கூப்பிட்டார். "இவங்ககிட்ட ஒரு குறையும் எனக்குத் தெரியல. இனி உங்களைத்தான் பார்க்கணும். ஆண்களைப் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன்," என்றார். நீங்கள் சீட்டை வாங்கவே இல்லை. "ஆம்பளைய என்னத்தப் பாக்குறது? கெளம்பு," என்று விறுவிறுவென்று வெளியே போனீர்கள். நான் பழையபடி உங்கள் பின்னால் ஓடிவந்தேன்.

 திரும்புகிற ரயிலில் மெதுவாகச் சொன்னீர்கள்: "ஊர்ல கேட்டா ஒனக்குத்தான் கொறைன்னு சொல்லிருவோம். நீ தாங்கிக்கிருவ. எனக்கு வெளிய தல காட்ட முடியாது புள்ள." மிரட்டியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நீங்கள் கெஞ்சினீர்கள். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? வளைகாப்பு வீட்டில் என்னைக் கண்டதும் வளையல் தட்டை எடுத்து உள்ளே வைத்தார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். என் வயிற்றைக் காரணம் காட்டியே சின்னவளைக் கட்டினீர்கள். அவளும் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அவளுக்கும் மலடிப் பட்டம். "ஏன்க்கா, நம்ம ரெண்டு பேரு தலையெழுத்தும் ஒண்ணா இருக்கு?" என்று என்னிடம் வந்து அழுவாள். உங்களுக்குக் கொடுத்த வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போய்க் காய்ச்சலோடு வந்து படுத்தீர்களே, அப்போதாவது அவளிடம் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். சொல்லாமலே போய்விட்டீர்கள்.

சுருளிப்பட்டியிலிருந்து ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். நம் சனத்தில் தாலி அறுத்தவளை மறுபடி கட்டிக்கொடுப்பது புதிதில்லை. ஆனால் அவருடைய ஆத்தா, "புள்ள பெறாதவளக் கூட்டிப்போயி என்ன செய்ய?" என்று எழுந்துவிட்டாள். சின்னவள் சுவரோடு ஒண்டி நின்றாள். அவளுக்கு இன்னும் எவ்வளவோ வாழ்க்கை கிடக்கிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "கொறை அவகிட்ட இல்லத்தா, எங்கிட்டயும் இல்ல. எங்க வீட்டுக்காரவுகளத்தான் பாக்கணும்னு பட்டணத்து டாக்டரம்மா சொன்னாக. அவுக மாட்டேன்னுட்டு வந்துட்டாக," என்று கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டேன். உங்கள் தங்கை மண்ணை வாரித் தூற்றினாள். "செத்த மனுசன் மேல பழி போடுறியே, நீ வெளங்குவியா?" என்றாள். ஒருத்தரும் என்னை நம்பவில்லை. வந்த மாப்பிள்ளை மட்டும், "எனக்கு இது போதும்," என்றார்.

நேற்று உங்கள் தங்கையும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மதினி, இத பட்டணத்துலருந்து வந்த அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். இனி சொல்லி எனக்கென்ன? மாதாமாதம் தூரமாவது எனக்கு எந்தக் காலத்திலோ நின்றுவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும். ஊரே சேர்ந்து மலடி மலடி என்றதில், டாக்டரம்மாதான் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று எனக்கே ஒரு சந்தேகம் உள்ளுக்குள் இருந்தது. சந்தேகம் இருந்தவரை உங்கள்மேல் பாதிக் கோபம்தான். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் உங்களுக்குச் சோறு போட்டேன், காய்ச்சலில் கால் பிடித்தேன், செத்தபின் படையலும் வைத்தேன். நேற்று அந்தப் பிள்ளை வீறிட்டு அழுததோடு சந்தேகம் போய்விட்டது. இனிமேல் என்னிடம் இருப்பது முழுக் கோபம். அதை இறக்கிவைக்க நீங்களும் இல்லை.